அடம்பன் பூவிலிருந்து கவிதையும் ஓவியமும்

பூவைப் பற்றி எழுதவோ வரையவோ விரும்புகிறவர் ரோஜாவைத் தேடி அலைய வேண்டியதில்லை. திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அடம்பன் கொடியே போதும். காலையில் விரியும் பூ வெயில் ஏறியதும் வாடத் தொடங்கிவிடும் என்பதால், குறிப்பேட்டுடன் நேரத்தோடு சென்றுவிடுங்கள்.

முதலில் எதையும் எழுதாமல் ஒரே பூவை உற்றுப் பாருங்கள். இதழ்கள் தனித்தனியே பிரியாமல் புனல் வடிவில் ஒன்றிணைந்திருப்பதும், வெளிறிய ஊதா நிறம் உட்கழுத்தை நோக்கி அடர்ந்து செல்வதும் அப்போதுதான் புலப்படும். குறுந்தொகையின் 243ஆம் பாடல் இக்கொடியின் பிளவுபட்ட இலையை மானின் அடிக்கும், பூவைக் குதிரையின் கழுத்துமாலை மணிக்கும் ஒப்பிடுகிறது. வெறுமனே புகழாமல் வடிவத்தைப் பிடித்திருப்பதே அவ்வரிகளின் வலிமை என்பேன். ஆகவே உங்கள் குறிப்பிலிருந்து ‘அழகிய’, ‘மென்மையான’ போன்ற அடைமொழிகளை அடித்துவிட்டு, நீங்கள் நாளும் புழங்கும் பொருளொன்றை உவமையாக வையுங்கள். மணியை மீண்டும் எடுத்தாள வேண்டாம். அது ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டது.

வரைவதற்கு நீர்வண்ணம் பொருத்தமானது. தாளை நனைத்து இளம் ஊதாவைப் பரப்பி, ஈரம் காயுமுன் நடுவில் அடர்நிறத்தைத் தொட்டு வைத்தால், அது தானாகவே விளிம்பை நோக்கிக் கசியும்.

அடுத்த பயிற்சிக்குப் பூவரசைத் தெரிவு செய்யலாம். காலையில் மஞ்சளாக இருக்கும் அப்பூ மாலையில் சிவந்துவிடுவதால், ஒரே பூவை இரு வேளையும் வரைந்து, இடைப்பட்ட நேரத்தைக் கவிதையாக்கிப் பாருங்கள்.