மான் பார்க்க பைனாகுலர் வாங்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மானுக்குத் துவக்கு நீட்டினால் வழக்குத்தான். புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. இப்போது வன்னிக் குளக்கட்டுகளில் விடியப்புறம் பெடியள் பைனாகுலரோடு நிற்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கழுத்தில் தொங்கும் சாமானைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரிய எண்ணுக்கு மயங்குவது

காசைத் தின்கிற தவறு இதுதான். முத்தையன்கட்டுக் குளக்கரையில் ஒரு தம்பி, "அண்ணை, இது 180 மடங்கு காட்டும்" என்று பெருமையாக நீட்டினான். மேலே '10-180x100' என்று அச்சடித்திருந்தது. 100 என்றால் முன்கண்ணாடியின் விட்டம் 100 மில்லிமீற்றர், ஒரு சிரட்டை வாயளவு இருக்கவேண்டும். இருந்ததோ அதில் பாதிகூட இல்லை. எதிர்க்கரையில் மான்கள் இறங்கியபோது அவனுக்குத் தெரிந்தது ஆடிக்கொண்டிருந்த ஒரு சாம்பல் கறை.

மடங்கு கூடக்கூட கைநடுக்கமும் கூடத் தெரியும். 10க்கு மேல் போனால் முக்காலி இல்லாமல் சரிவராது. வெளிச்சமும் குறையும். விட்டத்தை மடங்கால் பிரித்துப் பாருங்கள்: 8x42இல் 5.25 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒளி கண்ணுக்கு வரும், 20x50இல் 2.5தான். மான் மேய வருவது கருக்கலிலும் மைமலிலும். கண்மணி விரிந்து கிடக்கும் அந்த நேரத்துக்கு 2.5 காணாது. 8x42 வாங்குங்கள். கடைக்காரர் "இது சின்னது தம்பி" என்று சொல்லத்தான் செய்வார். அவருக்கு விற்க வேண்டும், உங்களுக்குப் பார்க்க வேண்டும்.

சிவப்புப் பூச்சுக் கண்ணாடி

பார்க்க வடிவு. சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், செம்பழுப்பு மான் பற்றைக்குள் கரைந்துவிடும். வேண்டாம்.

கண்ணுக்குச் சரிசெய்யாமல் பார்ப்பது

இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இராது. வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுச்சில்லைத் திருப்பி ஒரு மரக்கிளையை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, வலது கண்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் நின்ற இடத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள். இரவல் கொடுத்தால் கட்டாயம் மாறித்தான் திரும்பி வரும்.

சாரத்தால் துடைப்பது

புழுதியோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் புழுதியை ஊதுங்கள்.

பார்த்தபடியே நடப்பது

பக்கத்தில் நிற்கும் யானை அதற்குள் தெரியாது. மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகைக்கு அப்பால், மான் எவ்வளவு கிட்ட நின்றாலும் கால் வைக்காதீர்கள்.