முந்நூறு சின்னான் எப்படி நூற்றுச் சொச்சம் ஆனது

எனக்குப் பறவை பிடிக்கத் தெரியாது, புள்ளியியல் மட்டும்தான் தெரியும். வேலூர் அருகே அமிர்தி பக்கம் சின்னான்களுக்கு (புல்புல் பறவைகளுக்கு) காலில் எண் போட்ட வளையம் மாட்டும் நண்பர், "கணக்கைக் கொஞ்சம் பாருப்பா" என்று எக்செல் கோப்பை அனுப்பினார்.

முதல் தடவை வளையம் போட்டது 40. அடுத்த வாரம் வலையில் விழுந்தது 30, அதில் ஏற்கெனவே வளையம் இருந்தவை 4. மொத்தம் எத்தனை பறவைகள் இருக்கும் என்று இதிலிருந்து மதிப்பிடும் லிங்கன்-பீட்டர்சன் முறைப்படி 40-ஐ 30-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 300. அந்தச் சின்னப் புதர்க்காட்டில் முந்நூறா? வாய்ப்பே இல்லை.

சூத்திரத்தில் தப்பில்லை, கீழே நிற்கும் அந்த 4-தான் சந்தேகம், ஏனென்றால் வகுக்கிற எண் ஒன்றிரண்டு குறைந்தாலே விடை எகிறிவிடும். வளைய எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒருவர் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே கோடு போட்டிருக்கிறார், இன்னொருவர் இடம் விட்டிருக்கிறார். எக்செலுக்கு இரண்டும் வேறு வேறு பறவை! கோடு, இடைவெளி எல்லாவற்றையும் நீக்கியதும் இன்னும் 4 பொருந்தின. அப்புறம் இரண்டு எண்கள் நண்பரின் குழு இன்னும் பிரிக்கவே பிரிக்காத வளையச் சரத்தில் இருந்தன. களக் குறிப்பேட்டைப் புரட்டினால், 3-ஐ 8 என்று படித்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். (கையெழுத்து அப்படி.)

ஆக மொத்தம் 10. இவ்வளவு சின்ன எண்களுக்கு 1951-இல் புள்ளியியலாளர் சாப்மன் தந்த திருத்தம்தான் சரி, மூன்று எண்களோடும் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்: 41 பெருக்கல் 31, வகுத்தல் 11, கழித்தல் 1. சுமார் 115.

இப்போது வளைய எண்ணை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்த பிறகுதான் பறவையைப் பறக்க விடுகிறார்கள்.