பிஸ்டல் பழகுபவர்களுக்கு: மெதுவான குண்டு ஏன் மேலே படுகிறது?

வேகமான குண்டு டார்கெட்டில் மேலே படும், மெதுவானது கீழே படும் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். கைத்துப்பாக்கியில், அதுவும் 25 மீட்டருக்குள், பெரும்பாலும் தலைகீழ்.

முதலில் காரணத்தைப் பார்த்துவிடலாம். பேரல் (குண்டு பாய்ந்து வரும் குழாய்) உங்கள் பிடிக்கு மேலே இருக்கிறது, அதனால் குண்டு நகரத் தொடங்கியதுமே ரீகாயில் (சுடும்போது வரும் பின்னுதைப்பு) துப்பாக்கியைப் பின்னால் தள்ளுவதோடு முனையையும் மேலே தூக்கும். குண்டு பேரலுக்குள் இருப்பது ஒரு மில்லிசெகண்டு அளவுதான் என்றாலும், மெதுவான, கனமான குண்டு உள்ளே கொஞ்சம் கூடுதல் நேரம் இருப்பதால் முனை இன்னும் எழும்பிய பிறகே வெளியே வருகிறது. காலி ரிவால்வரைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், குறிபார்க்க முனையில் இருக்கும் முன் சைட், இந்த எழும்புதலை ஈடுகட்டவே, உயரமாக இருக்கும். அதாவது நீங்கள் குறிபார்க்கும்போது பேரல் உண்மையில் குறிக்குக் கீழேதான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

புவியீர்ப்பு இல்லையா என்றால், இருக்கிறது. 25 மீட்டர் போவதற்குள் நொடிக்கு 250 மீட்டர் வேகக் குண்டு சுமார் 5 செ.மீ. இறங்கும், 350 மீட்டர் வேகக் குண்டு 2.5 செ.மீ. ரீகாயில் பலமாக உள்ள ரிவால்வரில் முனை எழும்புவது இந்த வித்தியாசத்தையும் விழுங்கிவிடும். ஏர் பிஸ்டலில் ரீகாயில் பெயருக்குத்தான், அங்கே இதைத் தேடாதீர்கள்.

சரி, செய்து பார்ப்போம். மதுரையில் ரைபிள் கிளப்பில் பழகுகிறவர்கள் கோச்சிடம் சொல்லிவிட்டு, ஒரே .32 (அங்குலக் கணக்கில் குண்டின் அளவு) ரிவால்வருக்கு எடை வேறான இரண்டு வகைத் தோட்டா எடுத்துக்கொள்ளுங்கள் (.22-லும் செய்யலாம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது சந்தேகம்). தோட்டாப் பெட்டியை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்து மதுரை வெயிலில் வெடிமருந்து சூடானால் வேகமே மாறிவிடும்.

மணல் மூட்டையில் கையை ஊன்றுங்கள், பேரலை மட்டும் அதன்மேல் வைக்கவே கூடாது, வைத்தால் துப்பாக்கி எழும்பும் விதமே மாறி எல்லாம் பொய்யாகிவிடும். ஒரே புள்ளியைக் குறிபார்த்து, பிடியை மாற்றாமல், வகைக்கு ஐந்து சுடுங்கள். நடுவில் சைட்டைத் தொடாதீர்கள், கை பரபரக்கும். அப்புறம் ஒவ்வொரு குரூப்புக்கும் (ஒரு வகைத் தோட்டா போட்ட ஐந்து துளைகள்) நடுப்புள்ளி குறித்து உயர வித்தியாசத்தை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள்.

மேலே படுகிற தோட்டாவைத்தான் தொடர்ந்து சுடப்போகிறீர்கள் என்றால் பின் சைட்டை இறக்குங்கள். சைட் நகராத துப்பாக்கியா, அப்படியானால் அதற்குப் பொருந்துகிற தோட்டாவைத் தேடிப் பிடித்து அதையே வாங்குங்கள்.