கிட் காரின் முன் சஸ்பென்ஷன்: ஸ்டாண்டில் நிற்கும்போதே இறுக்கிவிடாதீர்கள்

வீட்டில் கட்டும் காருக்கு முன் சக்கரங்களை மாட்டும் நாளில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், ஸ்டாண்டின் மேல் நிற்கிறது, எல்லா போல்ட்டுகளும் கைக்கு எட்டுகின்றன, ஒவ்வொன்றாக இறுக்கிவிடத் தோன்றும். சக்கரத்தைச் சேசிஸோடு இணைத்து ஏறி இறங்கவிடும் கைதான் விஷ்போன். அதன் உள்முனை போல்ட்டை மட்டும் அப்போது இறுக்கவே கூடாது.

அங்கே இருக்கும் ரப்பர் புஷ் (உலோக உள்குழாயைச் சுற்றி ரப்பர் உள்ள உருளை), பேரிங்கைப் போலச் சுழலாது. போல்ட்டை இறுக்கியதும் அதன் உள்குழாய் சேசிஸோடு பிடித்துக்கொள்ளும். விஷ்போன் ஏறி இறங்கும்போது நடுவில் உள்ள ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுகியபடி நிற்கும். அப்படி இறுக்கிய ஒரு புஷ்ஷைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். உள்குழாயைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு ரப்பர் பிய்ந்திருந்தது. விரிசலுக்குள் என் நகம் நுழைந்தது. போதாததற்கு, முறுகிய ரப்பர் இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்து காரைத் தூக்கி நிறுத்தும். பிறகு எடுக்கும் அளவெல்லாம் பொய்யாகிவிடும். நட்டைக் கையால் மட்டும் திருகி விட்டுவிட்டு, கார் தன் உயரத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள்.

தன் உயரம் என்பது இன்ஜின், எரிபொருள், ஓட்டுநர் எல்லாம் சேர்ந்த எடையோடு நிற்கும் உயரம். 600 கிலோ காரில் 75 கிலோ ஆள் ஏறினால் எட்டில் ஒரு பங்கு எடை கூடுகிறது. இருக்கையில் அந்த எடைக்கு மணல் மூட்டை வையுங்கள். ஜாக்கிலிருந்து இறக்கியவுடனும் அளக்காதீர்கள். டயர்கள் தரையைப் பிடித்துக்கொள்வதால் கார் உயர்ந்தே நிற்கும். சில அடிகள் முன்னும் பின்னும் தள்ளி, முன்பக்கத்தை அழுத்தி விட்டால் இறங்கிவிடும்.

ஸ்பிரிங்கின் அடித்தட்டைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரணச் சுருளில் அது கார் நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும். கடினம் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

அடுத்தது வரிசை. முதலில் உயரம், பிறகு காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), பிறகு கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் அளவு), கடைசியில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு). கேம்பரைத் தொட்டால் டோவும் நகரும் என்பதால், முதலில் டோ வைத்தவர் அதே வேலையை இரண்டாவது முறையும் செய்ய வேண்டியிருக்கும். டோ வைப்பதற்கு முன் ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங்கைச் சுற்றினால் பக்கவாட்டில் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு) நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள்.

கிட் காரில் நான் மிகவும் அஞ்சுவது பம்ப் ஸ்டீரைத்தான். ஸ்டீயரிங்கை அசைக்காமலே, மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்புவது அது. வீல் அலைன்மென்ட் செய்யுமிடத்தில் கார் அசையாமல் நிற்பதால் அங்கே இது தெரியாது. ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள், ஸ்டீயரிங்கை அசையாமல் கட்டுங்கள், சக்கரத்தை 10 மி.மீ. படிகளில் உயர்த்தியும் தாழ்த்தியும் ஒவ்வொரு படியிலும் டோவைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களே காரணத்தையும் சொல்லிவிடும். ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது எதிர்ப்பக்கமும் சக்கரம் திரும்பினால், ரேக்கின் உயரம் பிசகியிருக்கிறது. ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைத்துச் சரிசெய்யலாம். இரண்டிலும் ஒரே பக்கம் திரும்பினால், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் நீளம் விஷ்போன்களோடு பொருந்தவில்லை. ஷிம் அதைத் தீர்க்காது, வேறு நீளமுள்ள ரேக்கைத் தேட வேண்டும். இது பெரிய வேலைதான். ஆனாலும் சேசிஸுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

ஸ்பிரிங் கழன்றிருக்கும்போதே ஸ்டீயரிங்கை அவிழ்த்து, இரு கோடிகளுக்கும் திருப்பி, ஒவ்வொன்றிலும் சக்கரத்தை முழுவதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடவும் கூடாது, டயரில் உரசவும் கூடாது.