குரோம்பேட்டை போர் தண்ணீரும் ஒரு செராமிக் கோட்டிங்கும்

எங்கள் வீடு குரோம்பேட்டையில், தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. குரோம் லெதர் கம்பெனி இருந்ததால் இந்தப் பெயர் வந்த ஊர் இது. போர் தண்ணீரின் லட்சணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாளியில் நாலு நாள் நின்றால் விளிம்பில் வெள்ளை வளையம் கட்டிவிடும். அந்தத் தண்ணீரில்தான் என் நீல பலேனோ காரை மூன்று வருஷம் கழுவினேன். பானெட்டில் மழைத்துளி அளவில் வட்ட வட்டமாகக் கறை. எந்த ஷாம்புவுக்கும் அசையவில்லை.

செராமிக் கோட்டிங் போடலாம் என்று ஒரு கடையில் விசாரித்தேன். 24,000 ரூபாய், மூன்று நாள் வண்டி அங்கே நிற்க வேண்டும் என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை, "அஞ்சு வருஷத்துக்குக் கீறலே விழாது மேடம்" என்றார் ஒருவர். அப்படியே எழுந்து வந்துவிட்டேன். காய்ந்த பிறகு இந்தப் பூச்சு ஒன்றிரண்டு மைக்ரான் கனம்தான் இருக்கும். தலைமுடி ஒன்றே 70 மைக்ரான் வரும். பாட்டிலில் போட்டிருக்கும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் ஒரு சோதனையின் அளவு. ஜிஎஸ்டி ரோட்டில் முன்னால் போகிற ஜல்லி லாரிக்கு அது தெரியாது. கல்லடிக்குப் பயப்படுகிறவர்களுக்கு 150 மைக்ரானுக்கு மேல் கனமுள்ள, பெயின்ட்டின் மேல் ஒட்டுகிற பிபிஎஃப் என்ற பிளாஸ்டிக் ஃபிலிம்தான் சரி.

அப்படியென்றால் இது எதற்கு? சிலிக்கா சார்ந்த திரவம் பெயின்ட்டின் மேல் இருக்கும் கிளியர் கோட்டோடு ஒட்டி இறுகிவிடும். தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் கழன்று வரும், வெயிலிலும் காக்கா எச்சத்திலும் பெயின்ட் கெடுவது கொஞ்சம் தள்ளிப்போகும், பளபளப்பு நிற்கும். எனக்கு அவ்வளவு போதும்.

செலவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலிஷ் மிஷின் 4,200 ரூபாய். கோட்டிங் 50 மில்லி பாட்டில், கிளே (பாடியில் ஒட்டிய துகளைத் தேய்த்து எடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி), இரும்புத்தூள் நீக்கி, மைக்ரோஃபைபர் துணிகள், கையுறை எல்லாம் சேர்ந்து 3,100. மிஷின் இன்னும் வீட்டில் இருக்கிறது என்பதால் அதைச் செலவாகவே நான் எண்ணுவதில்லை.

நாள் பார்ப்பதுதான் முதல் வேலை. சென்னையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, ஏப்ரல், மே மாதங்களில் தகரம் கொதிக்கும். நான் எடுத்துக்கொண்டது ஜனவரி கடைசியில் ஒரு சனி, ஞாயிறு. மேலே கூரையுள்ள போர்ட்டிகோ கட்டாயம் வேண்டும். மரத்தடியில் செய்யவே வேண்டாம், ஒரு பூ விழுந்தாலும் பூச்சில் ஒட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கழுவ ஆரம்பித்தேன். இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே, சக்கரங்கள் கடைசியில். மெழுகு கலந்த ஷாம்பு இந்த நாளுக்கு ஆகாது. கடைசி அலசலுக்கு மட்டும் போர் தண்ணீரை விட்டுவிட்டு, செடிக்கு மருந்து அடிக்கிற கை ஸ்பிரேயரில் கேன் தண்ணீரை ஊற்றி அடித்தேன். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை இதற்குப் பயன்படுத்த நினைக்காதீர்கள், உப்பு அதில்தான் கூடுதலாக இருக்கும்.

அடுத்தது இரும்புத்தூள் நீக்கி. இதைப் பார்க்கவே இந்த வேலையைச் செய்யலாம். வெளிர் நிறத் திரவத்தை நிழலில், குளிர்ந்த பாடியில் அடித்து விட்டால் ஒரு நிமிஷத்தில் ஊதாப் புள்ளிகள் கிளம்பும், பிறகு அவை கோடுகோடாக வழியும். சக்கரத்தில் வரும் என்று எதிர்பார்த்தேன். என் வண்டியில் தண்டவாளத்தைப் பார்த்து நிற்கும் இடது பக்கக் கதவு முழுக்க ஊதாவாக அழுதது. அப்பா தாம்பரம் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ரயிலோட பிரேக் கட்டைத் தூள்மா. முப்பது வருஷம் நாங்க மூச்சுல இழுத்தது" என்றார். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அது அந்த ரசாயனத்தின் இயல்பு. மூன்று நாலு நிமிஷத்துக்கு மேல் விடாமல், காய்வதற்குள் கழுவிவிட வேண்டும்.

கழுவிய பிறகு கையை ஒரு மெல்லிய பாலிதீன் கவருக்குள் விட்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழவென்று இருந்த இடம் கவர் வழியாக ரவை தூவியது போல நெருடும். அதை எடுக்கத்தான் கிளே. ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாக அடித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். நெருடல் நின்றதும் அடுத்த இடம். கிளேயை அவ்வப்போது மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். தரையில் விழுந்துவிட்டால் ஆசைப்படாமல் குப்பையில் போடுங்கள், ஒட்டிய ஒரு மணல் போதும் கதவு முழுக்கக் கோலம் போட. எனக்கு ஒரு துண்டு அப்படிப் போயிற்று.

மதியத்துக்கு மேல் பாலிஷ். பலரும் இதைத் தாண்டிப் போகிறார்கள். கோட்டிங் கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பதை அப்படியே காட்டும். சுழல் கீறலோடு பூசினால் அதே கீறல் பளபளப்பாகத் தெரியும். புதிதாகச் செய்கிறவர்கள் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மிஷின் பக்கம் போக வேண்டாம், ஓரங்களில் பெயின்ட்டையே எரித்துவிடும். சுழன்றபடியே பக்கவாட்டிலும் ஆடுகிற டூயல் ஆக்‌ஷன் மிஷின், ஐந்து அங்குல ஃபோம் பேட், நடுத்தர பாலிஷ் பட்டாணி அளவு நாலு பொட்டு. இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் முதலில் மெதுவான வேகத்தில் பரப்பிவிட்டு, பிறகு வேகத்தைக் கூட்டி, குறுக்கும் நெடுக்குமாக நிதானமாக ஓட்ட வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப். கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான்தான், ஒவ்வொரு பாலிஷிலும் அதில் கொஞ்சம் குறைகிறது. ஆகவே நகம் மாட்டுகிற ஆழமான கீறலைத் துரத்த வேண்டாம், விட்டுவிடுங்கள். என் உப்புக் கறையில் முக்கால்வாசி போயிற்று. நாலைந்து வட்டங்கள் பெயின்ட்டுக்குள்ளேயே இறங்கியிருந்தன, அவை இன்றும் இருக்கின்றன.

"என்னம்மா, காருக்கு நலங்கு வைக்கிறியா?" என்று மாலை காபி கொண்டுவந்தபோது அப்பா கேட்டார். கைகள் இரண்டும் மிஷின் அதிர்வில் விறுவிறுவென்று இருந்தன, தம்ளர் ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வேலை துடைப்பு. பாலிஷில் இருக்கும் எண்ணெய் பெயின்ட்டில் தங்கினால் கோட்டிங் ஒட்டாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர், அதாவது பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர், நாலு பங்கு. துணியில் நனைத்து ஒவ்வொரு பகுதியாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை. தீப்பிடிக்கும் பொருள் என்பதால் கொசுவத்தி, விளக்கு எதுவும் அருகில் வேண்டாம். துடைத்த பிறகு கையால் தொடவும் கூடாது.

இப்போதுதான் கோட்டிங். நைட்ரைல் கையுறை, முகத்துக்குக் கரைப்பான் வாடையைத் தடுக்கிற மாஸ்க். சின்ன ஃபோம் கட்டையில் ஸ்வேட் (suede) துணியைச் சுற்றி எட்டுப் பத்துச் சொட்டு விட வேண்டும். இரண்டடிச் சதுரத்தில் முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக. பானெட்டில் ஆரம்பிக்காதீர்கள், பின்கதவின் கீழ்ப்பகுதியில் கை பழக்கிக்கொள்ளுங்கள். முன்கண்ணாடிக்கு இதையே பூசினால் வைப்பர் தடதடக்கும், அதற்குத் தனி கோட்டிங் இருக்கிறது.

பூசியதும் ஈரப்படலம் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதில் பெட்ரோல் கலந்த தண்ணீர் போல வானவில் ஓடும், பிறகு நெற்றி வியர்த்தது மாதிரி பொடிப் பொடித் துளிகளாகச் சுருங்கும். அந்த நேரத்தில்தான் துடைக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு இதற்கு ஒரு நிமிஷம் ஆயிற்று, பதினொரு மணிக்கு ரூஃபில் அரை நிமிஷம் கூட இல்லை. அதனால் கடிகாரத்தைவிடப் படலத்தைப் பார்ப்பதே சரி. முதல் துணி அழுத்தாமல் வழித்தெடுக்க, இரண்டாவது துணி மெருகேற்ற. பிறகு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, எண்ணெய்க் கறை போலத் திட்டுத்திட்டாக எங்காவது மீதி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் தவறியது இங்கேதான். பானெட்டின் இடது பாதியைப் பூசி முடிக்கும்போது வாசலில் தண்ணீர் கேன் வந்தது. அப்பா உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். கையுறையைக் கழற்றி, சில்லறை தேடி, கொடுத்து, திரும்பி வர எட்டு நிமிஷம் ஆகியிருக்கும். படலம் பிசினாக இறுகியிருந்தது, துணி நகரவில்லை. பதறாமல் அதே இடத்தில் புதிதாக நாலு சொட்டு பூசினேன். புதுத் திரவம் பழையதை இளக்கிவிடும், உடனே துடைத்தால் வந்துவிடும். வந்தது. ஆனால் லோகோவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டை நான் கவனிக்கவில்லை, மறுநாள் காலை வெளிச்சத்தில்தான் பார்த்தேன். அதற்குள் அது கல். பாலிஷ் போட்டு அந்த இடத்தை எடுத்துவிட்டு, ஆல்கஹாலில் துடைத்து, மறுபடி பூச வேண்டியிருந்தது. பூசுகிற நேரம் முழுக்கச் செல்போனைச் சைலன்டில் போட்டு, கேன்காரருக்கும் ஒரு ஆளை வாசலில் வைத்துவிடுங்கள்.

ஸ்வேட் துணியை இரண்டு பகுதிக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது, காய்ந்த படிகங்கள் கீறும். துடைத்த மைக்ரோஃபைபரையும் துவைத்துத் திரும்ப எடுக்க வேண்டாம். துணிக்கு ஆசைப்பட்டு இன்னொரு நாள் கதவைக் கீறிக்கொள்வதில் அர்த்தமில்லை.

24 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பனியும் சேர்த்துத்தான். கவர் போட்டு மூடவும் கூடாது. ஒரு வாரத்துக்கு ஷாம்பு வேண்டாம். அதற்குள் எச்சம் விழுந்தால் ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் நம் ஊர்த் தண்ணீர். கோட்டிங் போட்டபின் துளிகள் குண்டு குண்டாக நிற்கும், பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் குண்டுத் துளி வெயிலில் காய்ந்தால் அதிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் ஒரே வட்டத்தில் தங்கிவிடும். கோட்டிங் போட்டும் உப்புக் கறை வருகிறதே என்று பலர் புலம்புவது இதனால்தான். கழுவினால் நிழலில் கழுவி, உடனே பெரிய டவலால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். கண்ணாடி மடிப்பிலும் நம்பர் பிளேட் பின்னாலும் தேங்குவதற்கு நான் தலைமுடி டிரையரை எடுக்கிறேன். புதிதாக விழுந்த கறைக்கு வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிஷம் ஒற்றிவிட்டுக் கழுவினால் போகிறது.

பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மீதி இருந்தது. திறந்த பாட்டில் நாளாக ஆக இறுகிவிடும், வைத்துப் புண்ணியமில்லை. அப்பா தன் பழைய டிவிஎஸ் 50-ஐப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்கும் முதலில் கிளே போட வேண்டும் என்றேன். அவரே இரண்டு வாளியை எடுத்து வந்தார்.