கலிலியோ தண்டிக்கப்படாத உலகம்: மாற்று வரலாற்று நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்டதற்காக 1633இல் ரோமில் கலிலியோ தண்டிக்கப்பட்டார். அப்படித் தண்டிக்கப்படாமல் போயிருந்தால் என்ற கேள்வியோடு நாவல் எழுத முனைபவர்கள், அறிவை ஒரு பக்கமும் மூடத்தனத்தை மறுபக்கமும் நிறுத்திவிட்டு முதல் அத்தியாயத்திலேயே சறுக்குகிறார்கள். நடந்த வரலாறு அவ்வளவு எளியதன்று. அதே கருத்தை முன்பே எழுதிய கோப்பர்நிக்கஸ் திருச்சபைப் பணியில் இருந்தவர். 1543இல் வெளிவந்த தம் நூலைத் திருத்தந்தை மூன்றாம் பவுலுக்கே காணிக்கையாக்கினார். கலிலியோ தொலைநோக்கியில் கண்டவற்றை 1611இல் உறுதிசெய்தவர்கள் ரோமிலிருந்த இயேசு சபைக் கல்லூரியின் கணித அறிஞர்கள். பின்னாளில் கலிலியோவைத் தண்டித்த திருத்தந்தை எட்டாம் உர்பான், கர்தினாலாக இருந்தபோது அவரைப் புகழ்ந்து கவிதை எழுதியவர். இந்த நட்பு கசந்த கதையை விட்டுவிட்டு வெறும் கொடுங்கோலன் ஒருவனை வரைவது, கைக்கு வந்த நல்ல பாத்திரத்தை வீணாக்குவதாகும்.

இதைவிடப் பெரிய தவறு, பூமி சுற்றுகிறது என்பதற்கு அன்றே ஐயமற்ற சான்று இருந்ததாக எண்ணிக்கொள்வது. பூமி சூரியனைச் சுற்றினால் அருகிலுள்ள விண்மீன்கள் ஆண்டுக்குள் சற்றே இடம் மாறித் தோன்ற வேண்டும். அதை வானியலாளர் பெஸ்ஸல் அளந்து வெளியிட்டது 1838இல்தான். வெள்ளிக் கோளின் பிறைகள், எல்லாம் பூமியையே சுற்றுவதாகச் சொன்ன தாலமியின் அமைப்பை வீழ்த்தின என்றாலும், கோள்கள் சூரியனையும் சூரியன் பூமியையும் சுற்றுவதாகச் சொன்ன டைக்கோ பிராஹேயின் அமைப்புக்கு அவை நன்றாகவே பொருந்தின. கலிலியோ பெரிதும் நம்பிய, கடலின் ஏற்றவற்றத்தைக் கொண்ட வாதம் பிழையானது. கோள்களுக்கு வானியலாளர் கெப்ளர் 1609இல் முன்வைத்த நீள்வட்டப் பாதையையும் அவர் ஏற்கவில்லை. ஆகவே உங்கள் கதையில் அவர் விடுதலையானாலும் ஐரோப்பா மறுநாளே ஒப்புக்கொண்டுவிடாது. சரியாக இருந்தும் இன்னும் நிறுவப்படாத ஒன்றை ஓர் அதிகார பீடம் எப்படி எதிர்கொள்ளும் என்ற கேள்வி அப்படியே நிற்கும். நாவலுக்குரிய சிக்கல் அதுதான் என்பது என் எண்ணம்.

வரலாறு கிளை பிரியும் இடத்தைத் தனி நிகழ்வாகக் கருதுவதும் தவறு. இறைவன் எவ்வழியிலும் இயற்கையை இயக்க வல்லவர் என்ற உர்பானின் வாதத்தைக் கலிலியோ 1632இல் வெளியான உரையாடல் நூலில் சிம்ப்ளிச்சியோ என்ற, அடிக்கடி தோற்றுப்போகும் பாத்திரத்தின் வாயில் வைத்தார். அதை வேறொரு பாத்திரம் பேசியதாக மாற்றிக் கதையைத் தொடங்கலாம். ஆனால் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த அதே 1632இல், கத்தோலிக்கத் தரப்புக்குப் போதிய ஆதரவு தரவில்லை என்று ஸ்பெயின் சார்புக் கர்தினால்கள் உர்பானைக் குற்றஞ்சாட்டியிருந்தார்கள். தம் உறுதியைக் காட்ட வேண்டிய அந்த நெருக்கடி, ஒரு வசனத்தை மாற்றியதால் தீர்ந்துவிடாது.

"ஆனாலும் அது சுற்றுகிறது" என்று கலிலியோ நீதிமன்றத்தில் முணுமுணுத்தது பிற்காலக் கதை. இருட்டுச் சிறையில் வாடியதாக எழுதுவதும் பொருந்தாது, ஏனெனில் ஆர்ச்சேத்ரியில் வீட்டுக்காவலில் இருந்தபடியே 1642இல் இறந்தார். காவலில் இருந்தபோது எழுதி முடித்த இயக்கவியல் நூல் 1638இல், திருச்சபையின் கை எட்டாத ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சாயிற்று. திருச்சபை அறிவியலை முற்றாக அடக்கிவிட்டதாகக் கதையைக் கொண்டுசெல்பவர், அந்த அச்சகம் தம் கதையில் எப்படி மூடப்பட்டது என்பதையும் எழுதியாக வேண்டும்.