டெஸராக்டை விண்டோஸில் நாமே கம்பைல் செய்வது எப்படி

அச்சான தமிழ்ப் பக்கத்தை ஸ்கேன் செய்து திருத்தக்கூடிய எழுத்தாக மாற்ற வேண்டுமா? படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் டெஸராக்ட் மென்பொருளைத்தான் சொல்வேன். எச்பி நிறுவனத்தில் உருவாகி 2005இல் திறமூலமானது, தமிழும் படிக்கும், இணையமே வேண்டாம். இங்கே சிங்கப்பூரில் தமிழாசிரியர்களும் துணைப்பாட வகுப்பு நடத்துபவர்களும் மாணவர் பெயர் போட்ட தாள்களைக்கூட ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றி மாற்றுவதைப் பார்க்கிறேன், அது வேண்டாம், அந்தத் தாள் உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே தேவையில்லை.

வெறுமனே பயன்படுத்தினால் போதும் என்றால் மான்ஹைம் பல்கலைக்கழக நூலகம் தயாரித்த இன்ஸ்டாலர் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். புதிய திருத்தங்கள் உடனே வேண்டும், மூலநிரலில் கைவைக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் இனி வரும் கம்பைல் வழி, அதாவது மூலநிரலிலிருந்து நாமே ஓடும் நிரலை உருவாக்குவது. பள்ளியில் கொடுத்த மடிக்கணினியில் முயலாதீர்கள், கட்டுப்பாடுகள் குறுக்கே வரும். சொந்தக் கணினி, பல ஜிபி காலி இடம், இரண்டும் இருந்தால் சரி.

முதலில் எம்ஸிஸ்2, விண்டோஸில் கம்பைல் செய்யத் தேவையான கருவிகளைத் தரும் தொகுப்பு. இன்ஸ்டால் செய்ததும் ஸ்டார்ட் மெனுவில் ஒரே மாதிரி பல ஷெல்கள், அதாவது கட்டளை தட்டும் சன்னல்கள், தெரியும், இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். எம்ஸிஸ் என்று மட்டும் இருப்பதைத் திறந்து கம்பைல் செய்தால் வரும் எக்ஸி எம்ஸிஸின் டிஎல்எல் என்ற துணைக்கோப்பை நம்பித்தான் ஓடும், அசல் விண்டோஸ் நிரலாக இருக்காது. யுசிஆர்டி64 என்பதைத் திறங்கள். கட்டளை வரியிலேயே அந்தப் பெயர் தெரியும், ஒவ்வொரு முறையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எம்ஸிஸ்2இல் பொதிகளை இறக்கித் தரும் பேக்மேனில் பெரிய எஸ், சின்ன ஒய், சின்ன யு ஃபிளாக் கொடுத்து எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். பாதியில் சன்னலை மூடச் சொன்னால் மூடிவிட்டு மறுபடி திறந்து அதையே ஓட்டுங்கள். பிறகு அதே பேக்மேனால் இன்ஸ்டால் செய்ய வேண்டியவை: கம்பைலரான ஜிசிசி, பில்டைத் தயார் செய்யும் சிமேக், அதை ஓட்டும் நின்ஜா, படங்களுக்கான லெப்டோனிகா, மூலநிரலை இறக்கும் கிட். கிட் தவிர மற்ற நான்கிலும் யுசிஆர்டி என்று பெயரில் உள்ள பொதியைத்தான் எடுக்க வேண்டும். லெப்டோனிகாதான் டெஸராக்டுக்குப் படத்தைத் திறந்து கொடுக்கிறது, அது இல்லாவிட்டால் சிமேக் முதல் அடியிலேயே நின்றுவிடும்.

சி டிரைவில் குட்டிப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் டெஸராக்டின் மூலநிரலைக் கிட் குளோன் கட்டளையால் இறக்குங்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம், ஒன்டிரைவ் ஃபோல்டரும் வேண்டாம். இன்னும் மாறிக்கொண்டிருக்கும் மெயின் கிளையை விட்டு, கடைசியாக வெளியான 5ஆம் வரிசைப் பதிப்பின் டேகுக்கு மாறுவதே பாதுகாப்பு. சிமேக்கில் ஜெனரேட்டர் நின்ஜா, பில்ட் டைப் ரிலீஸ், பயிற்சிக் கருவிகளுக்கான பில்ட் டிரெய்னிங் டூல்ஸ் ஆஃப். ஆஃப் செய்யாவிட்டால் ஐசியு, பேங்கோ, கெய்ரோ என்று தேவைகள் நீளும், எழுத்தைப் படிக்க மட்டும் அவை தேவையே இல்லை.

எனேபிள் நேட்டிவ் என்று ஒரு தெரிவு உண்டு. அதை ஆன் செய்தால் உங்கள் சிப்புக்கென்றே கம்பைல் ஆகும், ஆனால் அந்த எக்ஸியை சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய பழைய மடிக்கணினிக்குக் கொண்டுபோனால் திறந்த உடனே நின்றுவிடலாம். யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஆஃபிலேயே விடுங்கள்.

பில்ட் ஓடும்போது 8 ஜிபி ராம் மட்டும் இருந்தால் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள், ராம் தீர்ந்துபோனால் காரணம் புரியாத பிழைகள் வரும். முடிந்ததும் தனி ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்து, எல்டிடி கட்டளையால் எக்ஸி எந்தெந்த டிஎல்எல்களைத் தேடுகிறது என்று பாருங்கள். யுசிஆர்டி64 ஃபோல்டரிலிருந்து வருபவை எல்லாவற்றையும் எக்ஸி பக்கத்திலேயே நகலெடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் கொடுத்தால் வாங்கியவர் கணினியில் டிஎல்எல் காணவில்லை என்றுதான் வரும்.

டெஸராக்ட் தமிழ் எழுத்தை அடையாளம் காண உதவும் தமிழ்த் தரவுக் கோப்பைத் தனியாக இறக்க வேண்டும். ஃபாஸ்ட், பெஸ்ட் என்று தொகுப்புகள் உண்டு, தமிழுக்கு நான் பெஸ்டையே எடுப்பேன், மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை. அது இருக்கும் ஃபோல்டரை டெஸ்டேட்டா பிரிஃபிக்ஸ் என்ற சூழல் மாறியில் கொடுங்கள். ஸ்கேன் 300 டிபிஐ இருக்கட்டும், தமிழும் ஆங்கிலமும் கலந்த தாளென்றால் இரண்டு மொழிக் குறியீட்டையும் கூட்டல் குறியால் சேர்த்துக் கொடுக்கலாம். விடையை டெர்மினலில் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியலாம், பதறாமல் உரைக்கோப்பாகச் சேமித்து நோட்பேடில் திறங்கள்.